கிளைவிடும் கதைகள்: 13 சென்டினல்ஸ், டெட்ராய்ட், நோனரி கேம்ஸ், ஹண்ட்ரட் லைன் – முதலில் எதை வாங்கலாம்?

ஒரு மர்மக் கதையை வாசித்துக்கொண்டே போக வேண்டும், நடுநடுவே போரோ புதிரோ ஆட வேண்டும், நாம் எடுக்கும் முடிவைப் பொறுத்துக் கதை வேறு பக்கம் திரும்ப வேண்டும். இப்படிப் பல வகைகளைக் கலந்த சாகச கேம்கள் கன்சோலில் இப்போது நிறையவே இருக்கின்றன. எல்லாவற்றின் விளம்பரத்திலும் உங்கள் தேர்வு கதையை மாற்றும் என்றுதான் போட்டிருக்கும். அதை நம்பி ஒன்றை வாங்கி, பத்து மணி நேரம் ஆடிய பிறகு "நான் எதிர்பார்த்தது இது இல்லையே" என்று மூடி வைத்தவர்களை எனக்குத் தெரியும். அந்த கேம் மோசமானது என்று அர்த்தமில்லை. அது வேறு விதமான கிளை, அவ்வளவுதான்.

நான்கு கேம்களை எடுத்துக்கொள்கிறேன். ஒசாகாவைச் சேர்ந்த வானிலாவேர் உருவாக்கி அட்லஸ் வெளியிட்ட '13 சென்டினல்ஸ்: ஈஜிஸ் ரிம்' 2019-இல் ஜப்பானில் பிளேஸ்டேஷன் 4-இல் வந்தது. 2020-இல் ஆங்கிலத்திலும் 2022-இல் நிண்டெண்டோ சுவிட்ச் கருவியிலும் கிடைத்தது. பாரிஸின் குவான்டிக் ட்ரீம் உருவாக்கிய 'டெட்ராய்ட்: பிகம் ஹ்யூமன்' 2018-இல் பிளேஸ்டேஷன் 4-க்கு வந்து, பிறகு கணினிக்கும் போனது. 'ஜீரோ எஸ்கேப்: த நோனரி கேம்ஸ்' என்பது '999', 'வர்ச்சூஸ் லாஸ்ட் ரிவார்ட்' ஆகிய இரண்டு கேம்களின் 2017-ஆம் ஆண்டுத் தொகுப்பு. கடைசியாக, 2025 ஏப்ரலில் சுவிட்சிலும் கணினியிலும் வந்த 'த ஹண்ட்ரட் லைன்: லாஸ்ட் டிஃபென்ஸ் அகாடமி'. கதையின் முக்கியமான திருப்பம் எதையும் கீழே உடைக்கவில்லை. தைரியமாகப் படிக்கலாம்.

எனக்கு முடிவுகளின் எண்ணிக்கை முக்கியமே இல்லை. கிளை என்ன செய்கிறது என்பதுதான் கேள்வி. சில கேம்களில் கிளை நடப்பதை மாற்றும்: நீங்கள் கதவைத் திறந்தால் ஒருவர் பிழைப்பார், திறக்காவிட்டால் சாவார். வேறு சில கேம்களில் நடப்பது ஏற்கெனவே நடந்து முடிந்துவிட்டது. நமக்குத் தெரிவதுதான் மாறும். எந்தப் பாதை வழியாகப் போகிறோமோ அதற்கேற்ப யாரை நம்புகிறோம், யாரைச் சந்தேகப்படுகிறோம் என்பது திரும்பிக்கொண்டே இருக்கும். உங்களுக்கு இதில் எது வேண்டும் என்று முதலில் முடிவுசெய்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

டெட்ராய்ட் முதல் வகை. அதில் இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை. கதை 2038-இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்தில் நடக்கிறது. மனித உருவில் இருக்கும் ஆண்ட்ராய்டுகள் வீட்டு வேலையிலிருந்து கட்டட வேலைவரை எல்லாம் செய்கின்றன. கானர், காரா, மார்கஸ் என்ற மூன்று ஆண்ட்ராய்டுகளாக நாம் மாறி மாறி ஆடுகிறோம். முதல் அத்தியாயத்திலேயே விஷயம் புரிந்துவிடும். ஓர் ஆண்ட்ராய்டு, ஒரு சிறுமியைப் பிணையாகப் பிடித்துக்கொண்டு மாடி விளிம்பில் நிற்கிறது. கானர் உடனே வெளியே போய்ப் பேசலாம். அல்லது வீட்டுக்குள் தடயம் தேடலாம். அந்த ஆண்ட்ராய்டின் பெயர் என்ன, அது ஏன் இப்படிச் செய்தது என்று தெரியத் தெரிய வெற்றி வாய்ப்பு சதவீதம் ஏறும், ஆனால் நேரம் ஓடிக்கொண்டிருக்கும். தரையில் ஒரு மீன் துடித்துக்கொண்டிருக்கும். அதை எடுத்துத் தொட்டியில் விடலாம், விடாமலும் போகலாம். கானர் எப்படிப்பட்டவன் என்பதை நாம் முடிவுசெய்யும் முதல் இடம் அந்த மீன்தான்.

அத்தியாயம் முடிந்ததும் கிளை வரைபடம் முழுதாகத் திரையில் விரியும். போகாத பாதைகள் மூடிய பெட்டிகளாகத் தெரியும். உலகம் முழுக்க ஆடியவர்களில் எத்தனை சதவீதம் பேர் நீங்கள் போன வழியில் போனார்கள் என்றும் காட்டும். இதில் முக்கியப் பாத்திரம் செத்தால் "கேம் ஓவர்" கிடையாது. காராவைக் கதையின் தொடக்கத்திலேயே இழந்துவிடலாம்; அப்படி இழந்தால் அவள் கதை அங்கேயே நின்றுவிடும், மற்ற இருவரின் கதை தொடரும். கன்ட்ரோலரைப் பிடித்திருக்கும் கை உண்மையிலேயே வியர்க்கும்.

இதன் குறைகள் இரண்டு. ஒன்று, இதில் 'ஆடுவது' என்று பார்த்தால் அதிகம் இல்லை. சரியான நேரத்தில் சரியான பொத்தானை அழுத்துவது, குற்றம் நடந்த இடத்தைக் காட்சி காட்சியாக மீட்டுப் பார்ப்பது, நடந்து சுற்றுவது, இவ்வளவுதான். இரண்டாவது, வேறு கிளையைப் பார்க்க அத்தியாயத்தை மறுபடி ஆடினால், ஏற்கெனவே பார்த்த காட்சிகளைத் தாண்டிப் போக வழியில்லை. எழுத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அமெரிக்கக் கறுப்பினத்தவரின் உரிமைப் போராட்ட வரலாற்றை இந்தக் கேம் வெளிப்படையாகவே எடுத்து ஆண்ட்ராய்டுகள்மேல் போர்த்துகிறது. பேருந்தின் பின்பகுதியில் தனியாக நிற்க வைப்பதுவரை அப்படியே இருக்கிறது. அந்த வரலாற்றின் கனத்தைத் தாங்கும் அளவுக்கு மார்கஸின் கதை எழுதப்படவில்லை என்பது என் கருத்து. கானருக்கும் அவனுடைய மனிதக் கூட்டாளியான துப்பறிவாளர் ஹேங்குக்கும் இடையே வளர்கிற உறவு மட்டும் அசலாக நிற்கிறது.

நோனரி கேம்ஸுக்கு வருவோம். கோதாரோ உச்சிகோஷி எழுதிய இந்தத் தொடரில் வாசிப்பும் புதிரும் கலந்திருக்கின்றன. '999' முதலில் 2009-இல் நிண்டெண்டோ டிஎஸ் கருவிக்கு வந்தது. ஒரு கப்பலில் ஒன்பது பேர், ஒன்பது மணி நேரம், எண் போட்ட கதவுகள். ஒவ்வொருவர் கையிலும் ஓர் எண் உள்ள வளையம். கதவுக்குள் போகிறவர்களின் எண்களைக் கூட்டி, ஓர் இலக்கம் வரும்வரை மறுபடி மறுபடி கூட்டினால் அது கதவின் எண்ணோடு பொருந்த வேண்டும். அதனால் யார் யாரோடு போகலாம் என்பதே ஒரு கணக்கு. யாரைப் பின்னால் விட்டுவிட்டுப் போகிறோம் என்பது ஒரு குற்ற உணர்ச்சி.

இரண்டாவது கேமான 'வர்ச்சூஸ் லாஸ்ட் ரிவார்ட்' இதை இன்னும் கூர்மையாக்குகிறது. ஒவ்வொரு சுற்றிலும் எதிரில் இருப்பவரோடு கூட்டணியா, துரோகமா என்று இரகசியமாக வாக்களிக்க வேண்டும். இருவரும் கூட்டணி என்றால் இருவருக்கும் 2 புள்ளி. ஒருவர் மட்டும் துரோகம் செய்தால் அவருக்கு 3, ஏமாந்தவருக்கு 2 குறையும். இருவரும் துரோகம் செய்தால் யாருக்கும் எதுவும் இல்லை. 9 புள்ளி சேர்ந்தால் வெளியே போகலாம். பூஜ்யத்துக்கு வந்தால் மரணம். விளையாட்டுக் கோட்பாட்டில் கைதிகளின் சிக்கல் என்று சொல்வார்களே, அதேதான். ஆனால் காகிதத்தில் படிப்பது வேறு, நம்மை நம்பிய ஒருவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே பொத்தானை அழுத்துவது வேறு.

இந்தக் கேமில் கிளைதான் புதிரே. கிளை வரைபடத்தில் எந்த இடத்துக்கும் தாவலாம். ஒரு பாதை பாதியில் பூட்டிக்கொள்ளும். அதைத் திறக்கும் தகவல் வேறொரு பாதையில், வேறு யாரையோ நம்பிய அல்லது ஏமாற்றிய கதையில் இருக்கும். அதனால் தப்பான முடிவு என்று எதுவும் வீணாவதில்லை. நடப்பதை மாற்றும் கிளை, தெரிவதை மாற்றும் கிளை இரண்டையும் ஒரே முடிச்சில் கட்டியதை நான் இதில்தான் பார்த்தேன். அறிவுக்கு இவ்வளவு தீனி போடுகிற கேம் இந்தப் பட்டியலில் வேறில்லை.

அப்படியானால் இதையே முதலில் சொல்லிவிடலாமே? தயக்கத்துக்குக் காரணம் உண்டு. காட்சி அழகு குறைவு. 'வர்ச்சூஸ் லாஸ்ட் ரிவார்ட்'டின் முப்பரிமாணப் பாத்திரங்கள் 2012-இன் கைக்கருவிகளுக்காக வடிவமைத்தவை, பெரிய தொலைக்காட்சியில் விறைப்பாகத் தெரிவார்கள். புதிர் அறைகள் சில வெகு நேரம் பிடிக்கும். எளிய நிலை இருக்கிறது, வெட்கப்படாமல் அதைப் பயன்படுத்தலாம். முக்கியமாக, இந்தக் கதை இரண்டு கேமோடு முடியவில்லை. பல கேள்விகளை 2016-இல் வந்த மூன்றாவது பகுதியான 'ஜீரோ டைம் டிலெமா'வுக்குத் தள்ளிவிடுகிறது. வாங்கும்போது அதையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும்.

இப்போது 13 சென்டினல்ஸ். ஜார்ஜ் காமிதானி எழுதி இயக்கியது. 1985-இல் ஜப்பானிய ஊர் ஒன்றில் பள்ளிக்கூடம் போய்வரும் பதின்மூன்று பேர். ஊரை அழிக்க வரும் ராட்சத இயந்திரங்கள். அவற்றை எதிர்க்க இவர்கள் ஓட்டும் சென்டினல் என்ற பிரம்மாண்ட ரோபோக்கள். இப்படிச் சொன்னால் வழக்கமான ரோபோ கதை மாதிரிதான் கேட்கும். ஆட ஆரம்பித்தால் பதின்மூன்று பேரும் பதின்மூன்று விதமான கதைக்குள் இருப்பது தெரியும். மினாமி நட்சுனோ என்ற பெண் பள்ளியில் ஒளிந்திருக்கும் சின்ன ரோபோ ஒன்றைக் காப்பாற்றப் போகிறாள். அது விண்வெளிச் சாகசம். ஒகாட்டா ரயில் நிலையத்தில் ஒரே பொழுதுக்குள் சிக்கிச் சுழல்கிறான். அது காலச் சுழல் கதை. யாகுஷிஜி மெகுமியிடம் ஒரு பூனை பேசி, ஒப்பந்தம் போடுகிறது, மாயாஜாலக் கதை. செகிகஹாரா நினைவை இழந்து, கையில் துப்பாக்கியோடு விழிக்கிறான், துப்பறியும் கதை. ஹிஜியாமா இரண்டாம் உலகப்போர்க் காலத்திலிருந்து 1980-களுக்கு வந்து சேர்கிறான், யாகிசோபா (வறுத்த நூடுல்ஸ்) வைத்த ரொட்டிக்கு அடிமையாகிறான். அவன் கதையில் காதலும் சிரிப்பும் வருகின்றன. வகைகளைக் கலப்பது என்றால் பெரும்பாலான கேம்களில் போர் பாதி, உரையாடல் பாதி. இங்கே கதைக்குள்ளேயே வகைகள் கலக்கின்றன, ஒன்றின் விடை இன்னொன்றில் கிடைக்கிறது.

கேம் மூன்று பகுதிகளாகப் பிரிந்திருக்கிறது. முதலாவது நினைவுகூரல்: பக்கவாட்டில் நடந்து, கையால் வரைந்த ஓவியம்போன்ற இடங்களில் பேசிப் பார்ப்பது. கேட்ட வார்த்தைகள் பாத்திரத்தின் மனதில் மேகமாகச் சேரும். அந்த வார்த்தையைப் பற்றி யோசிக்கலாம், எதிரில் இருப்பவரிடம் எடுத்துப் போடலாம். மாலை வெயிலில் வகுப்பறை மங்கிச் சிவக்கும் அந்த ஒளியை வேறெந்தக் கேமிலும் நான் இவ்வளவு நேரம் நின்று பார்த்ததில்லை. இரண்டாவது போர். மூன்றாவது ஆவணங்கள்: நடந்ததையெல்லாம் கால வரிசைப்படி அடுக்கிக் காட்டும் பகுதி.

இதில் கிளை வேலைசெய்யும் விதம் தனி. பாத்திரம் அடிக்கடி ஒரே இடத்துக்கு, ஒரே பொழுதுக்குத் திரும்பி வரும். இந்தத் தடவை வேறு ஆளிடம் பேசினால், வேறு வார்த்தையை எடுத்தால் வேறு பாதை. ஆனால் ஒன்றைத் தேர்ந்து மற்றதை இழப்பதில்லை. எல்லாக் கிளைகளிலும் போயே ஆக வேண்டும். யாரை எப்போது தொடர்வது என்பது பெருமளவு நம் கையில் இருக்கிறது. சில கதவுகள் மட்டும், இன்னொருவர் கதை இவ்வளவு தூரம் வந்தால்தான் அல்லது இந்தப் போரை முடித்தால்தான் திறப்போம் என்று நிற்கும். ஆக, நீங்கள் தெரிந்துகொள்ளும் வரிசையும் நான் தெரிந்துகொண்ட வரிசையும் ஒன்றாக இருக்காது. எனக்கு வில்லனாகத் தெரிந்தவர் உங்களுக்கு முதலிலேயே பரிதாபத்துக்குரியவராக அறிமுகமாகலாம். முடிவு என்னவோ எல்லோருக்கும் ஒன்றுதான். "ஒரே முடிவா? அப்புறம் எதற்குக் கிளை?" என்று கேட்பவர்கள் உண்டு. என் பதில் இதுதான்: பதின்மூன்று பேரின் கதையும் ஒன்றோடொன்று இடிக்காமல், ஓட்டை இல்லாமல் பொருந்துவதைப் பார்க்கிற சந்தோஷத்தை நூறு முடிவுகள் தராது. இதை எழுதி முடிக்க வானிலாவேருக்கு எவ்வளவு பொறுமை தேவைப்பட்டிருக்கும் என்று நினைத்தால் மலைப்பாக இருக்கிறது. 2015-இல் அறிவித்த கேம், 2019 நவம்பரில்தான் வெளிவந்தது.

போர்ப் பகுதி பற்றிக் கருத்து வேறுபாடு அதிகம். மேலிருந்து பார்க்கும் நகர வரைபடத்தில் ஒளிப் புள்ளிகளாக எதிரிகள் வருவார்கள். கதைப் பகுதியின் ஓவிய அழகு இங்கே கிடையாது. இதனால் ஏமாந்தவர்கள் இருக்கிறார்கள். எனக்கு இது பிடித்தே இருக்கிறது. ஆறு பேர்வரை களமிறக்கி, ஒரு முனையத்தைக் காப்பாற்ற வேண்டும். கட்டளை கொடுக்கும்போது நேரம் நின்றுவிடும் என்பதால் விரல் வேகம் தேவையில்லை. ஒருவரையே தொடர்ந்து அனுப்பினால் மூளை களைத்து ஓய்வு கேட்கும், அதனால் பதின்மூன்று பேரையும் மாற்றி மாற்றி அனுப்புவோம். அப்படி அனுப்பும்போது அவர்கள் ரோபோவுக்குள்ளிருந்து பேசிக்கொள்வதிலிருந்தே அடுத்த கதைக்கான கேள்வி முளைக்கும். போரில் கிடைக்கும் புள்ளிகள் ஆவணங்களைத் திறக்கும். மூன்று பகுதிகளில் எதை எடுத்துவிட்டாலும் மற்ற இரண்டும் முடங்கும். கலப்பு என்று நான் மதிப்பது இதைத்தான்.

ஹண்ட்ரட் லைனைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதை முதல் கேமாக நான் யாருக்கும் சொல்லமாட்டேன். டங்கன்ரோன்பா என்ற கொலை மர்ம கேம் தொடரை உருவாக்கிய கசுதாகா கொடாக்காவும், மேலே சொன்ன உச்சிகோஷியும் சேர்ந்து உருவாக்கியது. நெருப்பு சூழ்ந்த ஒரு பள்ளியை மாணவர்கள் நூறு நாள் காக்க வேண்டும். கட்டம் போட்ட களத்தில் முறைவைத்து ஆடும் போர் விறுவிறுப்பானது. மொத்தம் 100 முடிவுகள். இதற்காகத் தன் நிறுவனம் கடன் வாங்கியதைக் கொடாக்கா வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார். அந்தத் துணிச்சலுக்கு என் மரியாதை. ஆனால் முதல் தடவை நூறு நாளையும் ஆடி முடிக்கும்வரை கதை ஏறக்குறைய நேர்கோட்டில்தான் போகும், பெரிய கிளைகள் அதற்குப் பிறகுதான். எல்லாவற்றையும் பார்க்க நூறு மணி நேரத்துக்கும் மேல் ஆகும். ஒரு பாதை திகில், ஒரு பாதை காதல், ஒரு பாதை நகைச்சுவை என்று மாறுவதால் தரமும் ஒரே சீராக இல்லை. மற்ற மூன்றையும் ஆடிவிட்டு, இன்னும் வேண்டும் என்று பசியோடு இருப்பவர்களுக்கு இது விருந்து. முதல் ஏழு நாட்களை இலவச டெமோவில் ஆடிப் பார்க்கலாம், சேமித்ததை முழு கேமுக்குக் கொண்டுபோகவும் முடியும்.

வாங்குவதற்கு முன் சில நடைமுறை விஷயங்கள். எதிலும் தமிழ் கிடையாது, ஆங்கிலத்தில்தான் வாசிக்க வேண்டும். ஆங்கிலம் நிதானமாக வாசிப்பவர்களுக்கு டெட்ராய்ட் கொஞ்சம் சிரமம், பதிலைத் தேர்ந்தெடுக்கச் சில நொடிகளே இருக்கும். மற்ற மூன்றிலும் வாசிப்பு அதிகம். ஆனால் நம் வேகத்தில் வாசிக்கலாம். நேரம் என்று பார்த்தால் டெட்ராய்ட் ஒரு முறை முடிக்கப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம், 13 சென்டினல்ஸ் முப்பதுக்கு மேல், நோனரி கேம்ஸ் இரண்டும் சேர்ந்து நாற்பதை ஒட்டி. வீட்டில் பதின்ம வயதுப் பிள்ளைகள் இருந்தால், அமெரிக்க வயது மதிப்பீட்டில் 13 சென்டினல்ஸ் மட்டுமே அவர்களுக்கானது, மற்றவை 17 வயதுக்கு மேல். டெட்ராய்டில் குழந்தையை அடிக்கும் தகப்பன் வரும் அத்தியாயம் பெரியவர்களையே உலுக்கும். கருவியையும் பாருங்கள்: 13 சென்டினல்ஸ் கணினியில் இல்லை, டெட்ராய்ட் சுவிட்சில் இல்லை.

'428: ஷிபுயா ஸ்க்ராம்பிள்' என்று ஒன்று இருக்கிறது, அதையும் சொல்லாமல் விட மனமில்லை. 2008-இல் ஜப்பானில் நிண்டெண்டோவின் வீ கருவிக்கு வந்து, ஃபாமிட்சு என்ற ஜப்பானிய கேம் இதழில் 40-க்கு 40 வாங்கியது. பத்து ஆண்டு கழித்து 2018-இல்தான் ஆங்கிலத்தில் வந்தது. ஐந்து பேர், ஒரே நாள், உண்மை மனிதர்களின் புகைப்படங்கள். ஒருவர் எடுக்கும் சின்ன முடிவு, அவரை அறியாத இன்னொருவரைச் சாகடிக்கும். போர், புதிர் எதுவும் இல்லாததால் ஒப்பீட்டில் சேர்க்கவில்லை. வாசிப்பு மட்டும் போதும் என்பவர்கள் நேரே இதற்குப் போகலாம்.

இப்போது முடிவு. ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும், பிளேஸ்டேஷனோ சுவிட்சோ இருக்கிறது என்றால் 13 சென்டினல்ஸை வாங்குங்கள். நண்பர்களோடோ குடும்பத்தோடோ உட்கார்ந்து, "இவனைக் காப்பாற்று, வேண்டாம் விட்டுவிடு" என்று சத்தம் போட்டபடி இரண்டு மூன்று இரவுகளில் முடிக்க வேண்டும் என்றால் டெட்ராய்ட். அதை ஒரு தடவை ஆடி, வந்த முடிவை உங்கள் முடிவாக வைத்துக்கொள்ளுங்கள். புதிரில் மண்டையை உடைத்துக்கொள்வது பிடிக்கும், கணினியோ பிளேஸ்டேஷனோ இருக்கிறது என்றால் நோனரி கேம்ஸ். '999'-ஐ முடித்துவிட்டுத்தான் இரண்டாவதைத் தொட வேண்டும், வரிசை மாறினால் பெரிய இழப்பு.

13 சென்டினல்ஸைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு ஒரு வார்த்தை. பதின்மூன்று பேரையும் ஒவ்வொருவராக அறிமுகப்படுத்தும் தொடக்கப் பகுதி சில மணி நேரம் நீளும், ஜப்பானியப் பெயர்கள் குழம்பும். அப்போது ஆவணப் பகுதிக்குப் போய், அதுவரை நடந்ததைக் கால வரிசையில் ஒரு தடவை பாருங்கள். யாராவது ஒரு பாத்திரத்தின்மேல் ஆசை வந்தால் கதவு பூட்டும்வரை அவரையே தொடருங்கள், பிறகு யாரால் அந்தப் பூட்டு திறக்கும் என்று கேமே சொல்லும். போர் கடினமாக இருந்தால் எளிய நிலைக்கு மாற்றிவிடுங்கள், கதையில் ஒரு வரிகூடக் குறையாது. இணையத்தில் பாத்திரங்களின் பெயரை மட்டும் தேடாதீர்கள். தேடல் பெட்டி தானாகக் காட்டும் பரிந்துரையே சில இரகசியங்களை உடைத்துவிடும்.